எங்கள் ஊருக்குக் கால்பந்து அணி வந்த கதை: ஒரு செயின்ட் லூயிஸ் வாக்காளரின் அனுபவம்

இண்டியானாபொலிஸுக்கு எம்.எல்.எஸ். என்ற அமெரிக்காவின் உயர்மட்டக் கால்பந்து லீக்கின் அணி ஒன்றைக் கொண்டுவர முயற்சி செய்யப்போவதாக 2024 ஏப்ரலில் அந்த ஊர் மேயர் அறிவித்தார். அன்றிலிருந்து அங்கே இருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "உங்க ஊருக்கு எப்படிக் கிடைச்சது, நாங்க என்ன செய்யணும்?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகர எல்லைக்குள் குடியிருப்பவன், குடியுரிமை வாங்கி இங்கே ஓட்டுப் போடுபவன். பிறந்தது கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், தூத்தூர் பக்கம். அந்தக் கரையில் வளர்ந்தவனுக்குக் கால்பந்து மேல் எவ்வளவு ஆசை இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் 2017இல் எங்கள் ஊர் ஸ்டேடியத்துக்கு நகரப் பணம் கொடுக்கும் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டேன். இன்று அதே தேர்தல் வந்தாலும் அப்படித்தான் போடுவேன்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஐரோப்பிய லீக் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குழப்பும். இங்கே கீழ் டிவிஷனில் ஜெயித்து மேலே வர முடியாது. எத்தனை அணிகள், எப்போது, எந்த ஊருக்கு என்பதை லீக்கே முடிவு செய்யும், உள்ளே வர விரும்புகிறவர் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 2007இல் ஆட வந்த டொராண்டோ கட்டியது 10 மில்லியன் டாலர். நான் சொல்லும் 2017 சுற்றில் 150 மில்லியன். 2023இல் இடம் பிடித்த சான் டியேகோ கட்டியது 500 மில்லியன். கட்டணம் போக, நல்ல வசதியுள்ள முதலாளி வேண்டும், டவுன்டவுனில் கால்பந்துக்கென்றே ஒரு ஸ்டேடியம் வேண்டும், ரசிகர்கள் வேண்டும். அந்த ஸ்டேடியத்துக்கு ஊர்ப்பணம்தான் வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் 2017 ஜனவரி 31க்குள் 12 ஊர்கள் விண்ணப்பம் போட்டிருந்தன. பக்கத்து ஊர் ஸ்டேடியத்துக்குப் பணத்தோடு நிற்கும்போது நம் ஊர் வெறும் கையோடு நிற்கலாமா என்ற பயம் தானாக வந்துவிடும். அந்தப் பயத்தில்தான் எல்லாப் பேரமும் நடக்கிறது.

செயின்ட் லூயிஸுக்கு அணி கேட்க முழு உரிமையும் உண்டு என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்த அமெரிக்க அணியில் ஆடியவர்களில் ஐந்து பேர் இந்த ஊர்க்காரர்கள், அதில் பெரும்பாலோர் தி ஹில் என்ற இத்தாலியர் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். இங்குள்ள செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டத்தைப் பத்து முறை வென்றிருக்கிறது. ஆசைக்கும் தகுதிக்கும் குறைவில்லை, கேள்வி பணத்தைப் பற்றியது.

ஏனென்றால் எங்களுக்கு ஏற்கெனவே ஒரு கடன் இருந்தது. ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, கையில் பந்தைத் தூக்கி ஓடும் ஆட்டம்) அணியை வரவழைக்க 1990களில் டோம் என்ற கூரை போட்ட ஸ்டேடியம் கட்டினார்கள், அதற்காக வாங்கிய கடனுக்கு ஆண்டுதோறும் மாநிலம் 12 மில்லியன், நகரம் 6 மில்லியன், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) 6 மில்லியன் என்று கட்டிக்கொண்டிருந்தோம். 2016 ஜனவரியில் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. அணி போனது, தவணை போகவில்லை. குத்தகைக்காரர் காலி செய்த வீட்டுக்கு வட்டி கட்டுவது போன்ற நிலைமை. அது முடிய இன்னும் சில ஆண்டுகள் இருந்தபோதே, எம்.எல்.எஸ். அணி கேட்ட முதலீட்டாளர்கள் அடுத்த ஸ்டேடியத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள்.

முதலில் நகரத்திடம் கேட்ட தொகை 80 மில்லியன், பிறகு 60 மில்லியனாகக் குறைந்தது. மாநிலத்திடம் 40 மில்லியனுக்கு வரிச்சலுகை கேட்டார்கள், அப்போது புதிதாக வந்திருந்த ஆளுநர் எரிக் கிரைட்டன்ஸ் முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மீதி நகர மக்களின் ஓட்டில் வந்து நின்றது. 2017 ஏப்ரல் 4, மேயர் தேர்தலும் அன்றுதான்.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டியிருந்தது. வாக்குச்சீட்டில் ஒன்றோடொன்று கோர்த்த இரண்டு தீர்மானங்கள். முதல் தீர்மானம் விற்பனை வரியை அரை சதவீதம் ஏற்றுவது, முக்கியமாக வடக்கு தெற்கு மெட்ரோலிங்க் ரயில் பாதைக்காக. விற்பனை வரி ஏறினால் யூஸ் டாக்ஸ் என்ற இன்னொரு வரியும் தானாகவே அதே அளவு ஏறும், அது வெளி மாநிலத்திலிருந்து பொருள் வாங்கும் வியாபாரங்கள் கட்டுவது. இரண்டாவது தீர்மானம், அப்படி ஏறும் யூஸ் டாக்ஸில் 60 மில்லியன் வரை ஸ்டேடியத்துக்குக் கொடுக்கலாமா என்பது. அதாவது இரண்டாவதைத் தோற்கடித்தாலும் வரி குறையாது, அந்தப் பணம் எங்கே போகும் என்பதுதான் மாறும். "இது உங்கள் பாக்கெட்டிலிருந்து போகாது, கம்பெனிகள் கட்டுவது" என்று ஆதரவாளர்கள் வீட்டு வாசலில் வந்து சொன்னார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பணம் நகரக் கஜானாவுக்குப் போனால் வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்று திருப்பிக் கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. சிட்டி ஹாலில் நடந்த கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தேன். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை நாளில் அப்படி உட்கார எல்லோராலும் முடியாது, அதனால் பேசுகிறவர்களில் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த ஆட்களும் ஓய்வு பெற்றவர்களும்தான். நான் கேட்டது ஒன்றுதான்: கட்டுமானச் செலவு கூடினால் யார் தலையில்? அணியின் முதலாளிகள் ஏற்பார்கள் என்றார்கள். அதை எழுத்தில் எங்கே பார்க்கலாம் என்று கேட்டுப் பக்க எண்ணையும் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் இதைச் செய்ய வேண்டும், பதில் நல்லதாகவே இருந்தாலும்.

இன்னொரு சிக்கல், வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதது. செயின்ட் லூயிஸ் நகரமும் செயின்ட் லூயிஸ் கவுண்டியும் 1876லேயே பிரிந்துபோன தனித்தனி அரசுகள். 2017இல் நகரத்தில் சுமார் 3 லட்சம் பேர், கவுண்டியில் சுமார் 10 லட்சம். மேட்ச் பார்க்க வரப்போகிறவர்களில் பலர் கவுண்டிக்காரர்கள், ஆனால் ஓட்டும் வரியும் நகரத்துடையது மட்டும். நம்மவர்களும் பெரும்பாலும் செஸ்டர்ஃபீல்டு, பால்வின் என்று கவுண்டியில்தான் இருக்கிறார்கள்.

முடிவு: ரயில் தீர்மானம் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது, ஸ்டேடியம் தோற்றது, சுமார் 53க்கு 47. அன்று இரவு எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை, அணி வேண்டும் என்றுதானே நானும் இருந்தேன். அடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விழாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்க்கார அண்ணன் ஒருவர், மார்த்தாண்டத்துக்காரர், பால்வினில் வீடு, தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டார்: "லேய் மக்கா, பந்து பந்துன்னு கிடக்கிற நீயே எதுத்துப் போட்டா வேற யாருலே போடுவா?" "அண்ணே, டோமுக்கு நாங்க இன்னும் கட்டிட்டிருக்கோம், அந்த 60 மில்லியன்ல உங்க பங்கு எவ்வளவு?" என்றேன். அவர் பேசாமல் பாயசம் எடுக்கப் போனார். அந்த வருஷம் முழுக்க எங்களுக்குள் கொஞ்சம் முறைப்பு இருக்கத்தான் செய்தது.

"இதுதான் கடைசி வாய்ப்பு" என்பதுதான் பிரச்சாரத்தின் அடிநாதம். நவம்பரில் வந்த இறுதிப் பட்டியலில் சின்சினாட்டி, டெட்ராய்ட், நாஷ்வில், சாக்ரமெண்டோ மட்டும் இருந்தன, நாங்கள் இல்லை. டிசம்பரில் நாஷ்வில்லுக்கும் 2018 மே மாதம் சின்சினாட்டிக்கும் அணி கிடைத்தது. சரி, முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2018 அக்டோபரில் எண்டர்பிரைஸ் வாடகைக் கார் நிறுவனத்தின் டெய்லர் குடும்பம், பழைய முயற்சியிலும் இருந்த ஜிம் கவானாவோடு சேர்ந்து முன்வந்தது. ஸ்டேடியச் செலவில் பெரும்பகுதி அவர்களுடையது. 2019 ஆகஸ்ட் 20 அன்று 28ஆவது அணியாக செயின்ட் லூயிஸ் அறிவிக்கப்பட்டது, நுழைவுக் கட்டணம் 200 மில்லியன். ஊர் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொத்து வரியிலும் டிக்கெட் வரியிலும் சலுகை போனது, ஸ்டேடியப் பகுதியில் விற்பனை வரி கூடுதல். ஆனால் எரிகிற தவணைக்கு மேல் இன்னொரு 60 மில்லியன் ஏறவில்லை. அந்த வித்தியாசம் 2017 ஓட்டால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த சாக்ரமெண்டோவையும் பாருங்கள். ரசிகர்கள் ஆண்டுக்கணக்காக மைதானத்தை நிரப்பினார்கள், நகரமும் ஒத்துழைத்தது, 2019 அக்டோபரில் அணியும் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் பெரும் முதலீட்டாளர் ரான் பர்கிள் விலகினார், எல்லாம் நின்றுபோனது. ஊர் எவ்வளவு அடக்கமாகத் தலையாட்டினாலும் பணக்கார முதலாளி நிலைத்து நிற்பாரா என்பதுதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் "ஓட்டுப் போடாவிட்டால் அணி போய்விடும்" என்று சொல்கிறவரிடம் முதலில் முதலாளி யார் என்று கேட்கச் சொல்கிறேன்.

கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போய் 2023இல்தான் ஆட்டம் தொடங்கியது. சீசன் டிக்கெட்டுக்கு டெபாசிட் கட்டியவர்கள் 22,500 இருக்கைகளை எப்போதோ தாண்டிவிட்டார்கள், அதனால் ஆரம்பத்திலேயே கட்டி வையுங்கள், பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் கிடைக்காது. மார்ச் 4 அன்று சொந்த மண்ணில் முதல் மேட்ச், சார்லட்டை 3-1 என்று ஜெயித்தோம். மார்த்தாண்டத்து அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. லீக்கில் புதிதாக வந்த எந்த அணியும் செய்யாததாக முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்து, மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்து, கடைசியில் பிளே ஆஃப் முதல் சுற்றிலேயே கன்சாஸ் சிட்டியிடம் தோற்றது வயிற்றெரிச்சல். அந்த ஸ்டேடியம் நிற்கும் இடம் மில் க்ரீக் வேலி, 1959இல் தொடங்கி சுமார் 20,000 கறுப்பின மக்களை வெளியேற்றி இடித்துத் தள்ளிய பகுதி. அதற்கான நினைவுச் சின்னம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. மேட்ச் பார்க்க வருகிறவர்கள் ஐந்து நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போக வேண்டும்.

இண்டியானாபொலிஸ் நண்பர்களுக்கு இன்னொன்று, இது எனக்கு இன்னும் வலிக்கிறது. எங்களுக்கு செயின்ட் லூயிஸ் எஃப்.சி. என்று ஒரு அணி ஏற்கெனவே இருந்தது, 2015 முதல் பக்கத்து ஃபென்டனில், எம்.எல்.எஸ்.ஸுக்குக் கீழே உள்ள யு.எஸ்.எல். லீக்கில் ஆடியது. பெரிய அணி வருகிறது என்றதும் 2020 சீசனோடு அதை மூடிவிட்டார்கள். அப்போது அதில் ஆடியவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் என்ன ஏற்பாடு என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் அழுத்திக் கேட்டு நான் பார்க்கவில்லை. உங்கள் ஊரில் அதே யு.எஸ்.எல்.லில் ஆடும் இண்டி லெவன் அணி இருக்கிறது, அவர்களுக்கென்று லெவன் பார்க் ஸ்டேடியத்துக்கு 2023இல் பூமி பூஜையே போட்டாயிற்று, 2024இல் மேயர் சொன்னதோ வேறு முதலாளிகள், வேறு இடம். அடுத்த பொதுக் கூட்டத்தில் பெயர் கொடுத்துப் பேசுங்கள், இண்டி லெவன் என்ன ஆகும் என்பதை முதல் கேள்வியாகவே வையுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.