9000 சுற்று ஓடும் எஞ்சினுக்குக் கிளிநொச்சியில் என்ன விலை?

காசில்லாத காலத்தில் பழைய கார் எப்படி விலை ஏறும் என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுக்கிற சொந்தக்காரர்கள் 2022 முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நாட்டுக்குள் இருப்பதுதான் வாகனம் என்றாகிவிட்டது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவின் பிடியை விட்டதும் 200 ரூபாவில் நின்ற டொலர் 360 வரை போனது. வங்கியில் கொஞ்சம் காசு வைத்திருந்தவர்கள் அது கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்பவில்லை. சிலர் காணி வாங்கினார்கள், சிலர் நகை வாங்கினார்கள், சிலர் ஒரு வகன் ஆர் கார் வாங்கி வீட்டுப் போர்ட்டிக்கோவில் விட்டு மூடி வைத்தார்கள்.

ஏ9 வீதியோரம் பழைய வாகனம் வாங்கி விற்கும் ஒரு முற்றத்தில் வேலை செய்கிறேன். அந்த நாட்களில் அல்ரோவுக்கும் அக்சியோவுக்கும் ஹைஏஸ் வானுக்கும் விலை சொல்ல மூளை தேவைப்படவில்லை. காலையில் சொன்ன விலை பின்னேரம் குறைவாகத் தெரிந்தது. அந்த அலையில் ஏறாமல் தரையில் நின்றது ஒரே ஒரு வாகனம்: புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தம்பி ஒருவன் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு கொண்டுவந்து விட்ட மஸ்டா ஆர்எக்ஸ்-8.

சிவப்பு நிறம், கையால் மாற்றும் ஆறு கியர், பின் கதவு இரண்டும் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். கனடாவில் இருக்கும் தமையன் அனுப்பிய காசில் 2019இல் கொழும்பில் வாங்கியது. விற்கக் காரணம் வயல். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் அதைத் திரும்ப எடுத்தபோது காலபோக நெல் விதைத்து முடிந்திருந்தது. விளைச்சல் விழுந்தது. வன்னியில் வாகனம் வாங்கும் காசு பெரும்பாலும் நெல்லோடு வருவது. மாசி, பங்குனியில் வெட்டு முடிந்தால்தான் எங்கள் முற்றத்தில் சனம் தெரியும். அந்த வருடம் வாங்க வந்தவர்களை விட விற்க வந்தவர்கள்தான் கூட.

“எவ்வளவு எதிர்பாக்கிறாய் தம்பி?”

“நாப்பத்தைஞ்சு இலட்சம் அண்ணை. வகன் ஆர் போற போக்கைப் பாருங்கோவன். இது ஸ்போர்ட்ஸ் கார்.”

அவன் கேட்டதில் பேராசை இல்லை. எல்லா வாகனமும் இரண்டு மடங்கானால் தன்னுடையதும் ஆகவேண்டும் என்று யாரும் நினைப்பார்கள்தானே. ஆனால் வகன் ஆருக்கு விலை போடுவது அது இல்லாவிட்டால் வரும் கஷ்டம்: பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடவேணும், அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். ஆர்எக்ஸ்-8க்கு விலை போடுவது அது வீட்டுக்கு வந்தால் வரக்கூடிய கஷ்டம். வாங்க வருகிறவர் மனதில் அந்தக் கஷ்டத்துக்கு ஒரு தொகையை எழுதிவைத்து, அதைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார். அவர் எழுதிவைத்திருக்கும் தொகையைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

முதலில் பெற்றோல். 2022 யூன் கடைசியில் 95 ஒக்ரேன் ஒரு லீற்றர் 550 ரூபா. அதுவும் எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டுகளில் 95 நினைத்த நேரம் கிடைக்காது. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் எடுக்கும் பங்கீடு வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். இந்தக் காருக்கு ஊர் ஓட்டத்தில் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் கிடைத்தால் பெரிய விசயம். ஆக, கிழமைக்கு 140 கிலோமீற்றர். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்து காரை நிறுத்திவிட்டு மற்ற ஆறு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்தக் கணக்கைக் கேட்கிறவருக்கு நானே சொல்லிவிடுவேன். அவர் தானாகப் போட்டால் 140ஐ நூறாக்கிவிடுவார்.

அடுத்தது எஞ்சின். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு றோட்டர் தம் தம் அறைக்குள் சுற்றுகின்றன. மொத்தம் 1308 சிசிதான்; ஆனால் கை கியர்க் கார் நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும். முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஒவ்வொரு சீல் இருக்கிறது. அவை தேய்ந்தால் எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்ராட் எடுக்காது. அந்தச் சீல்கள் காயாமல் இருக்க எஞ்சினே கொஞ்சம் ஒயிலை எரி அறைக்குள் விட்டுக்கொள்ளும். “ஒயில் குடிக்குது” என்று எங்கள் ஊர் மெக்கானிக்மார் சொல்லும் குற்றம் உண்மையில் அதன் இயல்பு. ஆனால் அது தெரியாமல் ஒயில் மட்டம் பார்க்காமல் ஓடியவர்களால் செத்த எஞ்சின்கள் ஏராளம். மஸ்டா 2012இல் இந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டது. இறக்குமதியும் பூட்டு. உதிரிச் சாமானுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

முற்றத்தில் வைத்திருப்பதே ஒரு தொழில். காலையில் வாகனங்களை முன்னுக்கு எடுத்து, கழுவி, வரிசையில் விடுவது எங்கள் பொடியனின் வேலை. ஸ்ராட் பண்ணி இரண்டு யார் நகர்த்தி ஓஃப் பண்ணுவான். றோட்டரி எஞ்சினுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணி உடனே நிறுத்தினால் உள்ளே பெற்றோல் தேங்கி, அடுத்தமுறை எடுக்காது. ஸ்ராட் பண்ணினால் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட வேண்டும். 2022 யூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்ற யாருக்கும் எரிபொருள் இல்லை என்று நிறுத்திவைத்திருந்த நாட்களில், வாகனத்தைக் கழுவுவதற்காக 95 எரிக்க எந்த முதலாளி விடுவார்? தள்ளினோம். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மூன்று பேர் சாரத்தோடு தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த பஸ் சனம், அது ஓடாத கார் என்று பரந்தன் வரைக்கும் கதை கொண்டுபோனது. அந்தக் கதை காரின் விலையை இரண்டு இலட்சமாவது குறைத்திருக்கும். பிறகு விடிய முன்னமே தள்ளி முடித்துவிடச் சொன்னேன்.

லீசிங் என்ற தவணைக் கடனும் இல்லை. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. நல்ல வாகனத்துக்கே லீசிங்காரர் முகம் கொடுக்காத நேரத்தில், பழைய றோட்டரிக் காருக்குக் கடிதாசி நீட்ட முடியாது. ஆகவே வாங்குபவர் முழுக் காசும் கையில் உள்ளவராக இருக்கவேண்டும், பெற்றோல் செலவுக்கு அஞ்சாதவராக இருக்கவேண்டும், வீடு கிரவல் றோட்டு ஓரத்தில் இல்லாதவராக இருக்கவேண்டும். கடைசி நிபந்தனையே வன்னியில் பாதிப் பேரைக் கழித்துவிடும். மீதிப் பேருக்கு ஏ9. அதில் ஊருக்கு வெளியே காருக்கு 70தான் வேகம், மிஞ்சினால் பொலிஸ். பொழுதுபட்டால் றோட்டில் மாடு படுத்திருக்கும்.

பார்க்க வந்த சனத்துக்குக் குறைவில்லை. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுத் தெற்கிலிருந்து வருகிறவர்கள்கூட நிறுத்திப் படம் எடுத்தார்கள். கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் காராக ஒரு நாளுக்குத் தரமுடியுமா என்று கேட்டவர்கள் பலர். “ஐயா, மாப்பிள்ளை ஏறலாம், பொம்பிளை சாறியோட குனிஞ்சு ஏறுவாவோ?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். அவ்வளவு பேர் வருவதைப் பார்த்துத் தம்பிக்கு நம்பிக்கை ஏறியது. எனக்கு அந்த எண்ணிக்கையில் ஒரு மரியாதையும் இல்லை. வாங்குகிறவன் சிரிக்கமாட்டான், படம் எடுக்கமாட்டான். கீழே குனிந்து ரயரைப் பார்ப்பான், வாகனப் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் என்று கேட்பான்.

புத்தகம் சுத்தமாகத்தான் இருந்தது. தம்பி, பழைய உரிமையாளர் கையெழுத்து வைத்த ஓப்பின் பேப்பரில் ஓடாமல் தன் பெயருக்கு மாற்றி வைத்திருந்தான். அதற்கு நான் மனதுக்குள் ஒரு தொகை கூட்டினேன். வேறு எதுவும் கூட்ட இல்லாததால் 28 இலட்சம் என்றேன்.

“என்னண்ணை, உடைச்சு வித்தாலும் அதுக்கு மேல வருமே!”

அது உண்மை. இறக்குமதி நின்ற பிறகு சாமான்களின் விலை காரை மிஞ்சிவிட்டது. கியர்பொக்ஸ், கதவுகள், முன் விளக்கு, கொம்பியூட்டர் பெட்டி என்று கொழும்பு ஆள் ஒருவர் தொலைபேசியிலேயே பிரித்துப் பிரித்து விலை சொன்னார். கூட்டினால் 33 வந்தது. ஆனால் அது எல்லாச் சாமானும் போனால் வரும் கணக்கு. நல்லவை முதல் மாதத்தில் போய்விடும், மிச்சம் ஒரு கூடு முற்றத்தில் கிடந்து மழையில் நனையும். அதையும் சொன்னேன். கனடாத் தமையன் வீடியோ கோலில் வந்து, “வெட்டுறதெண்டா அப்பிடியே வீட்டில நிக்கட்டும், காசு நான் அனுப்பிறன்” என்றார். அனுப்பவில்லை. அங்கேயும் வட்டி ஏறிய காலம். அவரைக் குறைசொல்ல ஏலாது.

பிறகு நான் செய்த ஒரு வேலையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் திருப்தி உண்டு. எஞ்சினுக்குள் அழுத்தம் அளக்கும் சாதாரண கொம்பிரசன் மீற்றர் றோட்டரிக்கு உதவாது. ஒரு றோட்டரில் மூன்று முகம். அந்த மீற்றர் மூன்றில் கூடியதை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேறு. கொழும்பில் அது வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, அவர் வேறு வேலையாக யாழ்ப்பாணம் வரும் வழியில் கிளிநொச்சியில் இறக்கினோம். எஞ்சினைச் சூடாக்கிப் பார்த்து ஆறு இலக்கத்தைத் தாளில் எழுதித் தந்தார். முன் றோட்டர் நல்லாக இருந்தது. பின் றோட்டரில் ஒரு முகம் பலவீனம். “கவனமாப் பாவிச்சா ஓடும். எவ்வளவு காலமெண்டு கேட்காதேங்கோ.”

தம்பி அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னான். நான் பிளாஸ்ரிக் உறை போட்டுக் காரின் கண்ணாடிக்குள் வைத்தேன். இந்தத் தொழிலில் பலர் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள் என்பது தெரியும். குறையை நாங்கள் சொல்லாவிட்டால் வாங்குகிறவர் இரண்டு றோட்டரும் போனதாக வைத்துத்தான் விலை கேட்பார். சொன்னால் ஒரு முகத்துக்கு மட்டும் கழிப்பார். தாள் வைத்த பிறகு படம் எடுப்பவர்கள் குறைந்தார்கள். அழைப்புகளும் குறைந்தன. இடையில் இறக்குமதி திறக்கப்போகுதாம் என்ற கதை வேறு மாதத்துக்கு ஒருமுறை கிளம்பி, கொஞ்ச நஞ்சம் யோசித்தவர்களையும் “பொறுத்துப் பாப்பம்” என்று உட்கார வைத்தது. (தனியார் வாகனங்களுக்கு உண்மையில் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். வரியைப் பார்த்ததும் பொறுத்திருந்தவர்கள் திரும்பவும் பழைய வாகனம் தேடி வந்தார்கள்.)

அடுத்த காலபோக வெட்டு முடிந்த கையோடு வவுனியாவில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். காரைச் சுற்றிவராமல் நேரே தாளை வாசித்தார். “எஞ்சின் சூட்டில பாத்ததோ, குளிரில பாத்ததோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். தனக்கு ஏற்கெனவே ஒரு பழைய றோட்டரி எஞ்சின் கழற்றிய நிலையில் கிடக்கிறது என்றும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம் என்றும் பிறகு சொன்னார். மற்றவர்கள் பயந்த சாமான் பிரச்சினை அவருக்கு இல்லை. அதனால் நான் 28இலிருந்து இறங்கத் தேவையில்லை என்று விளங்கிவிட்டது, 31 கேட்டேன்.

அவரிடம் காசு 13தான் இருந்தது. மிச்சத்துக்கு வாசலில் நிறுத்தியிருந்த பட்டா என்ற சின்ன லொறியைக் காட்டினார். டீசல், இரண்டு சிலிண்டர், 700 சிசி. பெட்டி கொஞ்சம் கறள். அவர் அதற்கு 18 சொன்னார், நான் 14 சொன்னேன், 16இல் நின்றோம். ஆக 29.

தம்பி பட்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கு முகம் நல்லாக இல்லை. வகன் ஆரோடு ஒப்பிட்ட காருக்கு மரக்கறி ஏற்றும் வாகனமா என்று நினைத்திருப்பான். அவனுடைய அம்மாதான் தொலைபேசியில், “நெல்லு ஏத்த ஒவ்வொருக்காலும் கூலி குடுக்கிறம், வாங்கிக்கொண்டு வா” என்று முடித்துவைத்தா.

கையெழுத்து, புத்தகம், மாற்றப் பத்திரம் எல்லாம் அன்றைக்கே நடந்தது. பிரச்சினை கொமிசனில் வந்தது. காசு பதின்மூன்றுதானே, அதற்குத்தான் கொமிசன் என்றான் தம்பி. பட்டாவை விலைபோட்டு எடுத்துத் தந்ததும் நாங்கள்தானே என்றேன் நான். முதலாளி இருவரையும் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக்குச் சொல்லியனுப்பினார். கடைசியில் பட்டாவுக்குரிய பங்கை அவன் காசாகத் தரவில்லை. எங்கள் முற்றத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ரயரும் பற்றரியும் ஏற்றிவந்து கழித்தான். அந்த ஓட்டங்களுக்கு டீசல் யார் அடிப்பது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பேரம் நடந்தது.