இரட்டை மூக்குக் கெண்டி

பெரு நாட்டின் நாஸ்காவுக்குப் போனது, பழைய நாஸ்கா மக்கள் பாலைத் தரையில் வரைந்துவைத்த பிரம்மாண்டமான கோட்டு உருவங்களை ஆகாயத்திலிருந்து பார்க்கத்தான். காலையில் பனிமூட்டம், குட்டி விமானம் கிளம்பவில்லை. தலைநகர் லீமாவிலிருந்து ஏழு மணி நேரம் பேருந்தில் வந்தாயிற்று, அறையில் படுத்துக் கிடப்பானேன் என்று ஊருக்குள் இருக்கும் அந்தோனினி அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். பக்கத்தில் உள்ள கவாச்சி என்ற அந்த மக்களின் சடங்குத் தலத்தில் கிடைத்தவைதான் அங்கே முக்கியம்.

பானைகள் மினுமினுத்தன. திருகை இல்லாமல் கையாலேயே வனைந்தவை. மண் குழம்பில் வண்ணம் தீட்டி, தேய்த்து மெருகேற்றி, அப்புறம்தான் சுட்டிருக்கிறார்கள். அதனால்தான் 1,500 ஆண்டுகள் ஆகியும் நிறம் உதிரவில்லை. நம் கெண்டிக்கு ஒரு மூக்கு என்றால் அங்கிருந்த கெண்டிக்கு இரண்டு, நடுவில் பாலம்போல ஒரு பிடி. அவரை, மீன், மிளகாய் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். (நம் குழம்பு மிளகாய்க்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள்தான்.)

போகப் போகத்தான் வயிற்றைக் கலக்கியது. பூனை மீசைபோல விரியும் வாய் அணியோடு ஒரு தெய்வ உரு. கையில் வெட்டிய தலை. திமிங்கிலத்துக்கு மனிதக் கை முளைத்திருக்கிறது, அதிலும் தலை. தலைகளின் உதடுகளில் முள் குத்தியிருந்தது. கற்பனை என்று ஒதுக்க முடியாது: நெற்றியில் துளையிட்டுக் கயிறு கோத்து, உதடுகளை முள்ளால் தைத்த நிஜத் தலைகளே இந்தப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. எதிரிகளின் தலைகளாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். 2009இல் வெளியான பல் ஆய்வு வேறு மாதிரி சொன்னது: சோதித்த தலைகள் அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்தவர்களுடையவை.

லா டீசா என்ற இடத்தில், தலையில்லாமல் உட்காரவைத்துப் புதைத்த ஒருவருக்குப் பக்கத்தில் முகம் வரைந்த ஜாடி ஒன்று இருந்ததாம். அந்த முகத்தின் உச்சியிலிருந்து ஒரு மரம் முளைக்கிறது. மழையே இல்லாத பாலை. ஆறுகளும் பாதி நாள் வறண்டு கிடக்கும். அங்கே தலையை விதையாகப் பார்த்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது எனக்கு அது சரியென்றே படுகிறது.

மறுநாள் விமானம் பறந்தது. கீழே கோடுகளாய் ஹம்மிங் பறவை தெரிந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் கூவினார். நான் அதை முந்தின நாளே ஒரு கிண்ணத்தில் பார்த்திருந்தேன், பூவில் அலகை வைத்தபடி, வண்ணத்தோடு.