டிரைவ் போன லேப்டாப்பில் பழைய டிஸ்க்குகள்: இதுவரை நடந்தது

என் லேப்டாப்பின் டிரைவ் முழுதாகப் போய்விடவில்லை. டிவிடி போட்டால் பெரும்பாலும் ஓடுகிறது. சிடியோ விசிடியோ போட்டால் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது, கடைசியில் உள்ளே டிஸ்க்கே இல்லை என்கிறது. இப்படிப் பாதி மட்டும் போவதற்குக் காரணம் உண்டு. டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர்கள். சிடி வகைக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று மங்கிப்போனாலும் இன்னொன்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எனக்கு வேண்டியது பெரும்பாலும் சிடி வகைதான். அப்பா சேர்த்துவைத்த நாதஸ்வர சிடிகள், அப்புறம் 2003இல் வேலூரில் நடந்த அக்கா கல்யாணத்தின் விசிடிகள். தாத்தா பேசும் குரல் எங்கள் வீட்டில் அந்த விசிடியில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இந்த வேலையை அரைகுறையாக விட மனம் வரவில்லை.

நாங்கள் இருப்பது பெங்களூரு அல்சூரில். இந்த மாதிரி சாமானுக்கு எஸ்.பி. ரோடுதான். முதலில் லேப்டாப்புக்குள்ளேயே வேறு டிரைவ் மாற்றலாம் என்றுதான் போனேன். உள்ளே போடும் டிரைவ்கள் 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு உயரத்தில் வரும், முன்பக்க மூடியும் மாடலுக்கு மாடல் மாறும். கடைக்காரர் தர்மபுரிப் பக்கம். "உள்ள போடாதீங்க தம்பி, வெளிய மாட்டுற மாதிரி வாங்கிக்கங்க. லேப்டாப் மாத்தினாலும் இது கூட வரும்" என்றார். சரியான பேச்சு. யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். கூடவே லேப்டாப்பில் செருகும் பக்கம் இரண்டு யூஎஸ்பி முனைகள் உள்ள ஒய் கேபிளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த கேபிள் எதற்கு என்று வீட்டுக்கு வந்ததும் புரிந்தது. பழைய யூஎஸ்பி 2.0 துளை தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதைவிட அதிகம் கேட்கிறது. ஒற்றை கேபிளில் மாட்டியபோது விளக்கு எரிந்தது, 'ம்ம்ம்' என்று சத்தம் ஏறியது, உச்சிக்குப் போகும் முன்பே 'டொக்' என்று இறங்கியது, திரையில் டிரைவே காணாமல் போனது. இன்னொரு முனையையும் பக்கத்துத் துளையில் செருகியதும் சத்தம் ஏறி ஒரே சீராக நின்றது. நீல நிற யூஎஸ்பி 3.0 துளை இருந்தால் 900 மில்லி ஆம்பியர் வரை கிடைக்கும், அதில் ஒற்றை கேபிளே போதுமானதாக இருந்தது. டிரைவ் பழுது என்று திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆடியோ சிடியில் சிரமம் ஒன்றும் இல்லை. விண்டோஸில் திறந்தால் சிடிஏ என்று குட்டிக் குட்டிக் கோப்புகள் தெரியும், ஒவ்வொன்றும் 44 பைட். அதில் பாட்டு கிடையாது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புதான். பாட்டைக் கோப்பாக மாற்றி எடுக்கும் (ரிப் செய்யும்) மென்பொருள் வழியாகத்தான் எடுக்கவேண்டும். நான் ஃப்ளாக் வடிவத்தில் எடுத்தேன். தரம் துளியும் குறையாது, இடமும் பாதிக்குப் பக்கமாக மிச்சம்.

விசிடிதான் பெரிய விஷயம். உள்ளே எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர், அதில் '.DAT' என்று முடியும் படக் கோப்பு. உபுண்டுவில் (லினக்ஸ் வகை இயங்குதளம்) அதை இழுத்துப் போட்டால் காப்பி ஆகாமல் பிழை வருகிறது. கீறல் ஒன்றுகூட இல்லாத டிஸ்க்கிலும் இதே கதை. இன்னொரு விசித்திரம், 650 எம்பி கொள்ளும் டிஸ்க்கில் 700 எம்பிக்கு மேல் கோப்பு உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு (டிஸ்க்கில் தகவல் பிரிந்திருக்கும் சின்னத் துண்டு) 2048 பைட்தான் நம்முடையது, மிச்சம் பிழை திருத்தத்துக்குப் போகிறது. விசிடியில் அந்தக் கூடுதல் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து 2324 பைட் வரை படத்துக்கே ஒதுக்கிவிட்டார்கள். 74 நிமிட டிஸ்க் என்றால் 3,33,000 செக்டார், பெருக்கிப் பார்த்தால் 738 எம்பி வருகிறது. காப்பி செய்யும் நிரல் 2048ஐ எதிர்பார்த்துப் போய் முட்டிக்கொள்கிறது. 1993இல் வந்த இந்த முறையில் ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரச் சொச்சம்தான் என்பதால்தான் முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று கல்யாணமே பிரிந்து வந்தது.

பார்த்தால் போதும் என்றால் விஎல்சி பிளேயரில் 'ஓபன் டிஸ்க்' போய் விசிடி என்று தேர்ந்தெடுத்தால் ஓடும். சேமித்துவைக்க, சிடிஆர்டிஏஓ என்ற நிரல் கொண்டு செக்டார்களை அப்படியே முழுதாக இறக்கி, விசிடிஎக்ஸ்ரிப் என்ற இன்னொரு நிரல் கொண்டு எம்பெக் கோப்பைப் பிரித்தேன். 352×288 அளவுப் படம்தான். அதைப் பெரிதாக்கி வேறு வடிவத்துக்கு மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, டிவியில் போடும்போது டிவியே பெரிதாக்கிக்கொள்ளட்டும்.

ரிசப்ஷன் டிஸ்க்கின் மேல் பெண் மாப்பிள்ளை படம் அச்சிட்ட பேப்பர் ஸ்டிக்கர். ஓரத்தில் கொஞ்சம் எழும்பியிருந்தது. அம்மா அதைப் பிய்க்கப் போனார், தடுத்துவிட்டேன். சிடியில் தகவல் இருக்கும் பளபளப்புப் படலம் மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. ஸ்டிக்கரை இழுத்தால் அதுவும் சேர்ந்து உரிந்து வரும். டிவிடியில் தகவல் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் மேல்பக்கக் கீறலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். எழும்பிய ஓரத்தை விரலால் அழுத்திவிட்டு, டிரைவின் வேகத்தை உபுண்டுவின் 'எஜெக்ட்' என்ற கட்டளையால் 4 மடங்குக்குக் குறைத்து ஓடவிட்டேன். வேகமாகச் சுற்றும்போது வந்த அதிர்வு போய்விட்டது, டிஸ்க் முழுதும் இறங்கியது. தாத்தா பந்தியில் நின்றுகொண்டு "சாம்பார் இந்தப் பக்கம் வரலையே" என்று சத்தம் போடுவது தெளிவாகக் கேட்கிறது. அம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

சின்ன அக்கா கல்யாணம் டிவிடியில். அதன் அடிப்பக்கம் கீறல். மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் புதிதாக விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, ஒரே இடத்தில் நிறையத் தகவலை அழித்துவிடும். துடைத்த பிறகு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலில் போட்டேன். இது படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிடுகிறது. எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் குறித்துவைக்கிறது. புது டிரைவ் சில இடங்களில் மாட்டிக்கொண்டது. அதே மேப் கோப்போடு லேப்டாப்பின் பழைய டிரைவில் போட்டுப் பார்த்தேன், பாக்கியில் பாதிக்குமேல் படித்துவிட்டது! ஒவ்வொரு டிரைவும் கீறலை ஒவ்வொரு மாதிரி சமாளிக்கிறது. பாதி போன டிரைவைக் கழற்றி எறிய வேண்டாம் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

அந்த டிவிடியில் தவில்காரர் கை வேகமாக ஓடும்போது விரல்களைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தன. டிஸ்க் பழுதில்லை, இன்டர்லேஸ் படம், அதாவது ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டு தடவையில் பதிவான படம். விஎல்சியில் 'டி' விசையை அழுத்தியதும் கோடு போய்விட்டது.

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பட டிவிடிக்கு ரீஜன் (எந்த நாடுகளில் ஓடும் என்ற பிரிவு எண்) 3. நம் ஊருக்கு 5. டிரைவின் ரீஜனை மொத்தமே ஐந்து தடவைதான் மாற்றலாம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். மாற்றாமலே விஎல்சியில் ஓடியது, அதனால் அதைத் தொடவில்லை.

இப்போது பாக்கி, அத்தை வீட்டு ஹேண்டிகேமில் எடுத்த 8 செ.மீ. குட்டி டிவிடிகள். டிரேயில் சரியாக உட்காருகின்றன, ஆனால் காலி டிஸ்க் என்று காட்டுகிறது. பதிவு முடிந்ததும் கேமராவிலேயே ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற டிரைவ்களும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்துவைக்காமல் விட்டிருக்கிறார்கள். கேமரா பத்திரமாக இருக்கிறது, சார்ஜர்தான் இல்லை. அதன் வோல்ட் அளவைக் குறித்துக்கொண்டேன், சனிக்கிழமை மறுபடி எஸ்.பி. ரோடு.