மூச்சை இழுத்துப் பிடிங்க

நான் படிப்பது எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு. காட்பாடியில் பஸ் ஏறும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், "பட்டன் அமுக்கறதுக்கு டிகிரியா தம்பி?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது, அனாடமியும் பிசிக்ஸும் கழுத்தை நெரிக்கும் வரை. அப்புறம் ஆஸ்பத்திரி போஸ்டிங்கில் ஒரு நாள், குடியாத்தத்திலிருந்து வந்த தாத்தாவுக்குச் செஸ்ட் எக்ஸ்ரே. கதிர் வரும் டியூபுக்கும் படம் பதியும் டிடெக்டருக்கும் 180 செ.மீ. தூரம் வைத்து, டிடெக்டரில் நெஞ்சு ஒட்டி நிற்கவைத்து, தோளை முன்னால் தள்ளி (இல்லாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்கும்), "மூச்சை இழுத்துப் பிடிங்க தாத்தா" என்றேன். படம் எடுத்தாயிற்று, "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன். பாவம், அவர் விடவே இல்லை! சீனியர்தான் ஓடிவந்து சொன்னார்.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியான லெட் ஏப்ரனுக்குள் நெஞ்சருகே டிஎல்டி பேட்ஜ் குத்தியிருப்போம், எங்கள் மேல் பட்ட கதிர்வீச்சுக்கு அதுதான் கணக்குப்பிள்ளை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும். முதல் நாள் அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினால், "ஐடி கார்டாடா?" என்கிறார்.