லிப் ஃபோல்டரில் ஜார் இருக்கிறது, ஜாவாவுக்குத் தெரியவில்லை

நேற்று ஒரு பழைய ஆன்ட் (ஜாவா புரோகிராமை பில்ட் செய்து ஓட்டும் கருவி) ஸ்கிரிப்டோடு அரை நாள் போய்விட்டது. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசும் டிரைவரைக் காணோம் என்று கிளாஸ்நாட்ஃபவுண்ட் எக்ஸப்ஷன் (கிளாஸ் கிடைக்கவில்லை என்ற எரர்) அடித்து நின்றது. லிப் ஃபோல்டரைத் திறந்தால் டிரைவர் ஜார் (ஜாவா கிளாஸ்களைக் கட்டி வைத்த ஃபைல்) அங்கேயே இருக்கிறது, பில்ட் ஃபைலில் பாத்தும் சரி, எழுத்துப்பிழையும் இல்லை.

முந்தின நாள் நான் செய்த மாற்றம் ஒன்றுதான். புரோகிராமை ஓட்டும் ஜாவா டாஸ்கில், எந்தக் கிளாஸிலிருந்து தொடங்குவது என்று சொல்லும் கிளாஸ்நேம் இருந்த இடத்தில் ஜார் பெயரைக் கொடுத்திருந்தேன். ஆன்ட்டை -வி போட்டு ஓட்டியதும், ஜார் கொடுத்தால் கிளாஸ்பாத் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) செட்டிங் எதுவும் எடுபடாது என்று ஒரு வரி வந்தது. -வி இல்லாமல் ஓட்டினால் அந்த வரி கண்ணில் படாது!

இதை ஆன்ட்டின் குறையாகச் சொல்ல முடியாது, ஜாவாவே அப்படித்தான். -ஜார் என்று ஓட்டினால் கிளாஸ்பாத் கொடுக்கும் -சிபி ஆப்ஷனில் கொடுத்ததும், என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்ததும் கணக்கிலேயே வராது; ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற தகவல் ஃபைலின் கிளாஸ்பாத் வரியை மட்டும்தான் பார்க்கும். அந்த வரியிலும் ஜார்களுக்கு நடுவே ஸ்பேஸ்தான் விட வேண்டும், -சிபியில் போடுவதுபோல் கோலன் கூடாது, ஸ்டார் போட்டாலும் வேலை செய்யாது. பாத் எல்லாம் அந்த ஜார் இருக்கும் இடத்திலிருந்து கணக்கு, நாம் எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறோம் என்பது பொருட்டே இல்லை. நான் கிளாஸ்நேமுக்கே திரும்பிவிட்டேன், உடனே ஓடியது.

ஷெல் ஸ்கிரிப்டில் வேறொரு குழி இருக்கிறது. ஜாவா 6-லிருந்து -சிபியில் லிப்/* என்று எழுதலாம், ஆனால் மேற்கோள் குறி போடாவிட்டால் அந்த ஸ்டாரை ஜாவாவுக்கு முன்பே ஷெல் விரித்துவிடும். முதல் ஜார் மட்டும் கிளாஸ்பாத் ஆகும், இரண்டாவது ஜாரின் பெயரை, ஓட்ட வேண்டிய மெயின் கிளாஸ் என்று நினைத்து ஜாவா தேடும். முன்னால் பில்ட் ஃபோல்டரும் கோலனும் சேர்த்து எழுதியிருந்தால், அந்தப் பெயரில் ஃபைல் எதுவும் கிடைக்காததால் ஷெல் அப்படியே விட்டுவிடும், அதனால் ஓடிவிடும். இப்படி ஓடுகிற ஸ்கிரிப்ட்தான் ஆபத்து, யாராவது அந்த முன்பகுதியை எடுத்த அன்றைக்கு உடையும். விண்டோஸில் கோலனுக்குப் பதில் செமிகோலன் என்பது பலருக்கும் தெரிந்ததுதான்.

அப்புறம், நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட் எரர் (இதுவும் கிளாஸ் இல்லை என்பதுபோல் தெரியும்) வந்ததும் ஜார் தேடக் கிளம்பிவிடாதீர்கள். கூடவே 'குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்று இருந்தால் கிளாஸ் கிடைத்துவிட்டது, அது முதலில் தயாராகும்போது ஓடும் ஸ்டாட்டிக் பிளாக்கில்தான் ஏதோ வெடித்திருக்கிறது. லாகில் மேலே போய் அந்த முதல் எரரைப் பாருங்கள்.

நோசச்மெத்தட் எரர் (அப்படி ஒரு மெத்தட் இல்லை என்பது) வந்தால் பெரும்பாலும் ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் லிப்பில் கிடக்கும். -வெர்போஸ்:கிளாஸ் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று ஜாவாவே சொல்லிவிடும். நான் இப்போது மெயினின் முதல் வரியிலேயே ஜாவா.கிளாஸ்.பாத் பிராப்பர்ட்டியை லாகில் எழுத வைத்திருக்கிறேன். நேற்று அது இருந்திருந்தால் ஒரே ஒரு ஜாரின் பெயர் மட்டும் வந்து நின்றிருக்கும், அரை நாளும் மிச்சமாகியிருக்கும்.