ரப்பர் கையுறையும் கறிவேப்பிலைக் கன்றும்

சான் ஹோசேயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி நூலகர். எழுபதை நெருங்குகிறார். விக்கா நெறியைப் பின்பற்றுபவர். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் பருவச் சடங்குகளையும் புதிதாகக் கையில் எடுத்துக்கொண்ட நியோ பேகன் மரபுகளில் விக்காவும் ஒன்று. அக்டோபர் 31 அவர்களுக்குச் 'சாவின்' (Samhain) என்ற பண்டிகை நாள். அன்று ராத்திரி நமக்கும் இறந்தவர்களுக்கும் நடுவில் உள்ள திரை மெலிந்துவிடும் என்பது நம்பிக்கை.

2021இல் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு என்னை வீட்டுக்கு அழைத்துப் பீடத்தைக் காட்டினார். ஹாலின் வடக்குச் சுவரோரம் ஒரு சின்ன மேசை, கறுப்புத் துணி விரித்து. மண்ணுக்கு ஒரு கிண்ணம் உப்பு, காற்றுக்கு ஊதுபத்தி, நெருப்புக்கு மெழுகுவத்தி, நீருக்கு ஒரு குவளை. அவருடைய அம்மாவின் படம், தம்பியின் படம், செத்துப்போன பூனையின் கழுத்துப்பட்டை.

நடுவில், பாத்திரம் கழுவும்போது போடுகிற மஞ்சள் ரப்பர் கையுறை. உள்ளே அரிசியை அடைத்து நிமிர்த்தி வைத்திருந்தார். விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து நூலால் கட்டியிருந்தார். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் வரும் ஸ்பாக்கின் வாழ்த்து! நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையுறைக்கு முன்னால் ஊதுபத்தியை ஏற்றி, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார்.

அப்புறம்தான் அந்தக் கையின் கதையைச் சொன்னார். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோய் யூதர். சிறுவனாக இருந்தபோது பாஸ்டன் நகரத்து யூதக் கோயிலில், குருமார் வம்சத்தவர் சபையை ஆசீர்வதிக்கும் நேரத்தில், யாரும் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தை மீறி எட்டிப் பார்த்திருக்கிறார். அவர்களுடைய கைகள் அப்படித்தான் இருந்தன. பல வருஷம் கழித்துத் தன் பாத்திரத்துக்கு ஒரு வணக்கம் தேவைப்பட்டபோது அதையே எடுத்துக்கொண்டார். கோயிலில் பிறந்த முத்திரை, தொலைக்காட்சி வழியாக உலகம் சுற்றி, ரப்பர் கையுறையாக மறுபடி ஒரு பீடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிலிர்த்தது.

பாடகர் டேவிட் போவிக்குச் சிவப்பும் நீலமுமாக ஒரு மின்னல் அட்டை, பாடகர் பிரின்ஸுக்கு ஊதா மெழுகுவத்தி. இரண்டு பேரும் 2016இல் போனவர்கள். அதே வருஷக் கடைசியில் போனவர் 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர். அவர் படத்தின் இரு பக்கமும் காதுக்கு ஒன்றாக, இளவரசி லேயாவின் கொண்டைபோல, பட்டை மணக்கும் சுருள் ரொட்டி இரண்டு. எதிரே கையால் செய்த ஒரு பெரிய மாத்திரை. ஃபிஷரின் அஸ்தியில் ஒரு பகுதியை வைத்ததே, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் 'ப்ரோசாக்' மாத்திரை வடிவப் பீங்கான் பாண்டத்தில்தான். அது அவருக்குப் பிடித்த பொருள். தனக்கு இருமுனைய மனநோய் இருக்கிறது என்பதை மறைக்காமல், சிரிக்கச் சிரிக்கப் பேசியவர் அவர். பக்கத்து வீட்டுக்காரரின் தம்பிக்கும் அதே நோய். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயரைத் தம்பி முதல்முறையாகச் சொன்னது ஃபிஷரின் பேட்டி ஒன்றைப் பார்த்த ராத்திரியில். அதனால்தான் இரண்டு படங்களும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.

மேசை ஓரத்தில் ஒரு பழைய காகித நோட்டின் நகல். அது நார்ட்டன் சக்கரவர்த்தியுடையது. வியாபாரத்தில் நொடித்துப்போன ஜோஷுவா நார்ட்டன் 1859 செப்டம்பரில் தன்னை அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டார். சான் ஃபிரான்சிஸ்கோ மக்கள் அவரை விரட்டவில்லை. அவர் அச்சிட்ட நோட்டைச் சில கடைகள் வாங்கிக்கொண்டன. 1880இல் அவர் இறந்தபோது ஊரே திரண்டு வந்தது. கிரேக்கக் கலகத் தெய்வமான ஏரிஸை வணங்கும் 'டிஸ்கார்டியன்' கூட்டத்தார் அவரைப் புனிதராகவே ஏற்றுக்கொண்டார்கள். கிரெக் ஹில், கெர்ரி தார்ன்லி என்ற இரண்டு கலிஃபோர்னிய நண்பர்கள் தொடங்கிய நெறி அது. வெள்ளிக்கிழமை ஹாட் டாக் தின்பதும் அதில் ஒரு விரதம். நார்ட்டன் கல்லறை இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் கோல்மாவில் இருக்கிறது. போயிருக்கிறேன். 'சக்கரவர்த்தி' என்றுதான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பைத்தியக்காரன் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒருவருக்கு ஒரு ஊர் இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறதே என்று வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

இதெல்லாம் கேலிக்கூத்து, சாமி விஷயத்தில் விளையாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கும்பகோணத்தில் எங்கள் பாட்டியின் கொலுவில் தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில் கிரிக்கெட் செட் இருக்கும். தொப்பி போட்ட நடுவருக்கும் சேர்த்துத்தான் பாட்டி ஆரத்தி எடுப்பார்.

"உன் ஆட்கள் யாரையாவது கொண்டு வாயேன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த மே மாதம்தான் அப்பா போயிருந்தார். கொரோனா இரண்டாம் அலை, என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 17, நடிகர் விவேக். அப்பா தினமும் ராத்திரி விவேக் காமெடி பார்ப்பார். நான் போன் செய்தால் முதலில் கேட்பது அப்பாவின் சிரிப்பு, அப்புறம்தான் "சொல்லும்மா".

மூடநம்பிக்கையை விடாமல் கிண்டலடித்த மனிதரைப் பீடத்தில் வைக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டேன். "அவர் சிரிக்கட்டுமே, அதற்குத்தானே கூப்பிடுகிறோம்" என்றார்.

அப்பா படத்தையும் விவேக் படத்தையும் எடுத்துப்போனேன். படையலுக்கு என்ன வைப்பது என்பதில் குழப்பமே இல்லை. அப்துல் கலாம் சொன்னதற்காக ஒரு கோடி மரம் நடக் கிளம்பி, 30 லட்சத்துக்கும் மேல் நட்டவர் விவேக். என் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக் கன்றைத் தூக்கிப்போனேன். மேசையில் இடம் போதவில்லை. நார்ட்டனின் நோட்டைக் கொஞ்சம் நகர்த்தி, கையுறைக்குப் பக்கத்தில் வைத்தோம். எனக்குத் தெரிந்த மட்டும் விவேக்கின் இரண்டு காமெடியை ஆங்கிலத்தில் நடித்துக் காட்டினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும்தான்.

மறுநாள் காலை தொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். மண்ணின் மேல் கொஞ்சம் ஊதுபத்திச் சாம்பல் கிடந்தது. இப்போது அந்தக் கன்று என் தோள் உயரம். தாளிக்கும்போதெல்லாம் ஒரு கொத்து கிள்ளுவேன். அக்டோபர் 31 மட்டும் கிள்ளுவதில்லை. அன்று ராத்திரி அது பக்கத்து வீட்டில் இருக்கும்.