அலை நின்ற தெருவில் அம்மாவின் வெள்ளிப் படகு

கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு வெள்ளிப் படகு. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் அம்மா பேரம் பேசி வாங்கியது. அதைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டிய இடமோ ஸ்பெயினில் இருக்கும் காதிஸ்!

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் தம்பி மூன்று வருடத்துக்கு முன் அட்லாண்டிக் புயலில் மாட்டிக்கொண்டான். இரண்டு நாள் தகவலே இல்லை. "அவன் எந்தக் கரையில் கால் வைக்கிறானோ, அந்த ஊர் மாதாவுக்குப் படகு வைக்கிறேன்" என்று அம்மா பொருத்தனை செய்துவிட்டார். அவன் இறங்கியது காதிஸில். தூத்துக்குடியில் இறங்கியிருந்தால் எவ்வளவோ செலவு மிச்சம். அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போன மாதம் நானும் தம்பியும் கிளம்பினோம்.

பழைய ஊரைச் சுற்றிலும் கடல்தான். ஒரு மெல்லிய நிலத்துண்டு மட்டும் கையை நீட்டி நாட்டோடு பிடித்துவைத்திருக்கிறது. பண்டைக் கடல் வணிகர்களான பினீசியர்கள் நிறுவிய துறைமுகம். 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாவது பயணத்துக்கு 17 கப்பல்களோடு புறப்பட்டது இங்கிருந்துதான். அமெரிக்கக் கண்டத்தோடு ஸ்பெயின் செய்த வணிகத்தை நடத்திய அலுவலகமே 1717இல் செவில்லாவிலிருந்து இங்கே வந்தது. வணிகர் வீடுகளின் மேல் நூற்றுக்கும் அதிகமான கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. வரும் கப்பல்களைப் பார்ப்பதற்கென்று கட்டியவை. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டு மொட்டைமாடியை விட்டு அம்மா இறங்காதது நினைவுக்கு வந்தது.

அன்று சொகுசுக் கப்பல் ஒன்று வந்திருந்ததால் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. பேராலயத்துக்குள் போக டிக்கெட். வாசலில் ஒரு பெண் ரோஸ்மேரிக் கிளையைக் கையில் திணித்து, ஏதோ ஆசி சொல்லி, ஐந்து யூரோ கேட்டார். கிளையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆசியையும் திரும்ப வாங்கிக்கொண்டார் என்றுதான் அந்த முகத்தைப் பார்த்துத் தோன்றியது.

நாங்கள் தேடி வந்தது பேராலயத்தை அல்ல, லா வீன்யா என்ற மீனவர் பேட்டையிலுள்ள லா பால்மா மாதாவை. கரையேறிய அன்று தம்பி வந்து அழுத கோவில் அதுதான். போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டு. மாலையில்தான் திறப்பார்களாம். லெவாந்தே என்கிற கிழக்குக் காற்று வேறு மணலை வாரி முகத்தில் அடித்தது. சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றபோதுதான் தம்பி அந்த நினைவுப் பலகையைக் காட்டினான்.

"அக்கா, கடல் இதுவரைக்கும் வந்து நின்றது."

1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் பெருவிழா. லிஸ்பனை அழித்த அதே நிலநடுக்கம். காலைப் பூசை நேரம் கடந்து கடல் ஊருக்குள் ஏறியது. இந்தக் கோவிலிலிருந்து குருவானவர் மாதாவின் கொடியோடு தெருவுக்கு ஓடிவந்து, "தாயே, இதுவரைதான்!" என்று கூவ, தண்ணீர் பின்வாங்கியது. இன்றும் ஆண்டுதோறும் அதே நாளில் மாதாவைக் கடற்கரைக்குப் பவனியாகக் கொண்டுபோகிறார்களாம்.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே கோபமும் வந்தது. மறைப்பானேன்? அன்று ஊரைவிட்டு ஓடியவர்களைத் தடுக்க நிலத்துண்டுப் பக்கமிருந்த ஊர்க் கோட்டைவாசலை மூடும்படி ஆளுநர் சொன்னார். அதற்குள் வெளியேறி நிலத்துண்டுப் பாதையில் போனவர்களைக் கடல் வாரிக்கொண்டது. 2004 டிசம்பர் 26 காலை வேளாங்கண்ணியில் பூசை முடிந்து அம்மா கோவிலிலேயே ஜெபமாலை சொல்ல உட்கார்ந்துவிட்டார். சித்தி மட்டும், "காலை நனைத்துவிட்டு வருகிறேன்" என்று கடலுக்குப் போனார். கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை. சித்தியும் வரவில்லை.

மாலையில் கதவு திறந்தது. பீடத்தின் முன் முழந்தாளிட்டேன். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று வந்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு சொல்கூட வராமல் தேம்பினேன். பக்கத்தில் தம்பியின் மூச்சுச் சத்தம் கேட்டது. புயலில் போய்விட்டதென்று நாங்கள் நினைத்த மூச்சு. மாதாவே, அதைத் திருப்பித் தந்தாயே! கேள்வியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நன்றி தாயே, நன்றி தாயே என்று அதையே எத்தனை முறை சொன்னேனோ.

கோவில் பணியாளரான முதியவருக்குப் படகை என்ன செய்வதென்று புரியவில்லை. தம்பி தன் நெஞ்சையும் கடல் பக்கத்தையும் மாறி மாறிக் காட்டினான். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்ப் பீடத்துப் பூச்சாடியின் அடியில், முனை வாசலைப் பார்க்கும்படி வைத்தார்.

அங்கே மெழுகுதிரிகூட மின்விளக்குதான். காசு போட்டால் எரிகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனாலும் போட்டேன்.

வெளியே வந்து அம்மாவை அழைத்தோம். படகு வைத்ததைச் சொன்னதும் மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. இத்தனை வருடத்தில் வாய்திறந்து சொல்லாத பெயரை அப்போதுதான் சொன்னார்.

"சித்திக்கும் ஒன்று ஏற்றினாயா?"

"இரண்டு காசு போட்டேன் அம்மா."